பன்னிரண்டு காக்கிப் பைகள்

அன்றைக்கு சூளூர்பேட்டை வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன். அண்ணி. நான். என் வீட்டுக்காரரின் தம்பி, வேன் ஓட்டி வந்தவர். வரன் கொண்டுவந்த தரகர் அம்மா. அந்தப் பக்கம் பையன். நாற்காலியில் உட்கார்ந்தபடி பையனின் அம்மா. காபி எடுத்துக் கொடுத்த பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா. எட்டுப் பேர். என் மகள் பவித்ரா வரவில்லை. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும்போது பெண்ணைக் கூட்டிப் போவது எங்களில் இல்லை.

இத்தனை பேர் முன்னால்தான் அண்ணன் அந்த வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

நடந்ததைச் சொல்வதற்கு முன் அண்ணனைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவரைக் கெட்டவர் என்று நினைப்பீர்கள். அவர் கெட்டவர் இல்லை.

அண்ணன் பஸ் கண்டக்டர். திருப்பதியிலிருந்து பிச்சாட்டூர் வழியாகப் போகிற வண்டியில் ரொம்ப வருஷம் இருந்தார். அந்த ரூட்டில் எங்கே கத்தரிக்காய் பிஞ்சாகக் கிடைக்கும், எந்த ஸ்டாப்பில் கீரைக்காரி ஏறுவாள் எல்லாம் அவருக்குத் தெரியும். டூட்டி முடிந்து வரும்போது கையில் காய் இருக்கும். காய் எல்லோரும்தான் வாங்குகிறார்கள். அண்ணனின் வேலை வாங்கிய பிறகுதான் ஆரம்பம்.

சட்டையைக் கழற்றிவிட்டுச் சமையலறைத் தரையில் உட்காருவார். பழைய பேப்பரை விரிப்பார். கொத்தமல்லியில் ஈரம் இருந்தால் ஃபேனுக்கு அடியில் உலர்த்துவார். பழுத்த இலையைக் கிள்ளிப் போடுவார், வேரை வெட்ட மாட்டார். பச்சை மிளகாய்க்குக் காம்பு எடுப்பார். கறிவேப்பிலையை உருவி, அடியில் துணி போட்ட எவர்சில்வர் டப்பாவில் போடுவார். தக்காளியை ஃப்ரிட்ஜுக்குள் விட மாட்டார். காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி முறத்தில் கவிழ்த்து வைப்பார். இஞ்சிக்கு ஒரு மண்சட்டி, அதில் ஈர மணல். வெங்காயம் ஒரு மூலை, உருளைக்கிழங்கு எதிர் மூலை.

"ரெண்டும் பங்காளிங்க மாதிரி. ஒரே வூட்ல வெச்சா ரெண்டும் கெட்டுப்பூடும்" என்பார்.

பஸ்ஸிலும் இப்படித்தான். ஒரு தடவை நானும் அந்த வண்டியில் இருந்தேன். ஒரு பெரியவர் ஒரே பையில் வாழைப்பழமும் தக்காளியும் போட்டுக்கொண்டு ஏறினார். அண்ணன் டிக்கெட் கிழிக்காமல் பையை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பெரியவரே, ரெண்டு டிக்கெட் எடு."

"நான் ஒர்த்தன் தானேப்பா?"

"பழத்துக்கு ஒரு சீட்டு, தக்காளிக்கு ஒரு சீட்டு. ஒண்ணா உக்காந்தா ஊர் போறதுக்குள்ள ஒண்ணை ஒண்ணு பழுக்க வெச்சிடும்."

பஸ்ஸே சிரித்தது. பெரியவரும் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. ஒரு பேப்பர் கொண்டுவந்து பழத்தைத் தனியாகச் சுற்றிக் கொடுத்த பிறகுதான் விசில் ஊதினார்.

ரிடையர் ஆன பிறகு காக்கிச் சட்டையும் பேன்ட்டும் சும்மா கிடந்தன. அண்ணன் அவற்றைப் பிரித்து, அண்ணியின் தையல் மிஷினில் தானே உட்கார்ந்து பை தைத்தார். வாயில் நாடா வைத்த பைகள். மொத்தம் பன்னிரண்டு. ஒரு பைக்கு ஒரு காய். ஒரு பையில் மட்டும் சட்டைப் பாக்கெட் அப்படியே இருந்தது. அந்தப் பாக்கெட்டில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் டிப்போ மாதிரி இருக்கும். காக்கி போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் பீன்ஸ், கேரட், அவரை, கொத்தமல்லி.

அண்ணி ஒரு நாள் என்னிடம் சொன்னார். "உங்கண்ணன் என்னையும் இப்டி துணியில சுத்தி வெச்சிருந்தா நானும் வாடாம இருந்திருப்பேன்."

அண்ணன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "நீ வெளியில வெக்கிற ஐட்டம். பூசணி மாதிரி. காத்தோட்டமா இருந்தா ஒரு வருஷம் கூட நிக்கும்" என்றார். அண்ணி விளக்குமாற்றை எடுத்தார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு யாரும் எடுப்பதில்லை.

இதுவரைக்கும் சிரிக்கிற விஷயம். இனிமேல் இல்லை.

அடுத்தவர் வீட்டு ஃப்ரிட்ஜையும் அண்ணன் திறப்பார். அதுதான் கஷ்டம். எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றுவார், தண்ணீர் என்று கேட்பார், கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் போய்விடுவார். என் வீட்டில் திறந்தால் பரவாயில்லை. நான் திருப்பதி கொர்லகுண்டாவில் லைன் வீட்டில் இருக்கிறேன். ஹாஸ்டல் சமையல்கட்டில் காய் நறுக்குகிற வேலை. எனக்குக் காயின் முகத்தை வீட்டிலும் பார்க்கப் பிடிக்காது. கவரோடு உள்ளே தள்ளிவிடுவேன். அண்ணன் வந்து பிரித்து அடுக்குவார், திட்டுவார். சரி என்பேன்.

ஆனால் என் வீட்டு ஓனர் அம்மா மாடியில் புது வீடு கட்டிப் புகுந்த அன்றைக்கும் அண்ணன் திறந்தார். அவ்வளவு ஜனம். பட்டுப் புடவைகள். அண்ணன் உள்ளே தலையை விட்டுக்கொண்டு தெலுங்கில் சொன்னார், கறிவேப்பிலையைக் கழுவி வைத்தால் கருத்துப்போகும் என்று. ஓனர் அம்மா சிரித்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மீ அன்னய்ய மன்ச்சி வாடே, கானி இங்க தீஸ்குராகு" என்றார். உன் அண்ணன் நல்லவர்தான், ஆனால் இனிமேல் கூட்டி வராதே என்று. எனக்குக் காது சூடாகிவிட்டது. அண்ணனிடம் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் போன அன்றைக்கும் அப்படித்தான். உடம்பைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அண்ணனைக் காணோம். தோள் கொடுக்க ஆள் தேடினார்கள். அவர் சமையலறையில் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு கொத்தமல்லி பொறுக்கிக்கொண்டிருந்தார். என் நாத்தனார் பார்த்துவிட்டு வந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"மச்சான் செத்துக் கெடக்கிறாரு. இவுரு கொத்தமல்லிக்கு ஒப்பாரி வெச்சிக்கினு கீறாரு."

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். அண்ணன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவரு நேத்து வாங்கினாந்தது இது. அழுகிடப் போவுதும்மா" என்றார். நான் கதவைச் சாத்தினேன். அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். அந்தக் கொத்தமல்லிக் கட்டு பத்து நாளைக்கும் மேலே வாடாமல் இருந்தது. நான் அதைச் சமைக்கவில்லை.

அவர் ஏன் இப்படி என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

பவித்ராவுக்கு அப்பா இல்லை. தாய்மாமன் இடமும் அப்பா இடமும் அண்ணன்தான். தட்டு மாற்றுவது அவர் சரி என்று சொன்ன பிறகுதான். சூளூர்பேட்டை வரன் வந்தது. பையனுக்கு ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை. அப்பா இல்லை, அம்மா மட்டும். பையன் தன் அத்தையோடு வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனான். அம்மாவுக்கு முட்டி வலி, வரவில்லை என்றார்கள். பவித்ரா துணிக்கடையில் பில் போடுகிற பெண். நாள் முழுக்க ஆயிரம் முகம் பார்ப்பவள். எந்த வரனுக்கும் ஒன்றும் சொல்லாதவள், இந்தப் பையன் போன பிறகு காபி டம்ளரைத் தானே கழுவினாள். "உனக்கு?" என்று கேட்டேன். "சரிம்மா" என்றாள். எனக்கு அது போதும்.

அதனால் வீடு பார்க்கப் போனோம்.

சின்ன வீடு. சுத்தமாக இருந்தது. பையனின் அம்மா புதுப்புடவையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த வெயிலில் மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த ரவிக்கை. "எழுந்து நிக்க முடியலீங்க, தப்பா நெனைக்காதீங்க" என்றார். முகம் கொஞ்சம் ஊதி இருந்தது. நல்ல பேச்சு. என்னைப் பார்த்து, "உங்க பொண்ணு போட்டோவ தெனம் பாத்துக்கினு கீறேன்" என்றார். பையன் போனில் காட்டினான். உண்மைதான், அந்தப் படத்தைத்தான் முன்பக்கம் வைத்திருந்தான்.

காபி குடித்தோம். சாப்பாடு தயார், இலை போடலாம் என்றார்கள். அண்ணன் எழுந்தார்.

"ணா, உக்காரு" என்றேன்.

"தண்ணி குட்ச்சிட்டு வரேம்மா."

"நீள்ளு நேனு தெஸ்தானு அன்னா, மீரு கூர்ச்சோண்டி" என்று பக்கத்து வீட்டம்மா ஓடினார். தண்ணீர் நான் கொண்டு வருகிறேன், நீங்கள் உட்காருங்கள் என்று. அதற்குள் அண்ணன் கை ஃப்ரிட்ஜ் கதவில்.

சமையலறை கூடத்தை ஒட்டித்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லோருக்கும் தெரிந்தது. ஃப்ரிட்ஜ் நிறையக் காய். எல்லாம் கடைக் கவரில், போட்ட முடிச்சு அவிழ்க்காமல். கீரை ஈரத்தோடு. அதன் மேல் ஒரு சீப்பு வாழைப்பழம். தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு மூன்றும் ஒரே தட்டில். கொத்தமல்லி ஐஸ் பெட்டியில் ஒட்டிக் கருத்திருந்தது.

அண்ணன் வழக்கம் போலத் திட்டுவார், அதோடு போகும் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் திரும்பினார்.

"இன்னா தம்பி இது?"

பையன் எழுந்து நின்றான். "இன்னா மாமா?"

"எல்லாம் ஒரே நாளு காயி. ஒரே கடை கவரு. ஒண்ணு கூட பிரிக்கல. மாவு இல்ல, தயிர் இல்ல. பாதி நறுக்கின எலுமிச்சம்பழம் ஒண்ணு இல்ல. சமைச்சு துன்ற வூட்டு ஃப்ரிட்ஜ் இப்டியா இருக்கும்?"

"நேத்து வாங்கினது மாமா."

"அப்ப முந்தாநாள் காய் எங்க?"

பையன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"சாப்பாடு ரெடின்னீங்களே. அடுப்புல ஒரு பாத்திரம் இல்ல. எங்க செஞ்சது?"

பக்கத்து வீட்டம்மா பயந்துபோய், "மா இன்ட்லோனே அன்னா" என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில்தான் என்று.

அண்ணன் எங்கள் பக்கம் பார்த்தார். செக்கிங்கில் டிக்கெட் இல்லாத ஆளைப் பிடித்த முகம். "பாத்தீங்களா? இந்த வூட்ல இவங்க குடியிருக்காங்களா இல்ல நமக்குக் காட்டுறதுக்கு ஒரு நாளைக்கு எடுத்தாங்களா?"

"யோவ், வாய மூடுய்யா" என்றார் அண்ணி.

"இரு. பொண்ணு குடுக்கிறது நாம. தம்பி, இன்னாத்த மறைக்கிறீங்க? சொல்லு."

பையனின் அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க வர்றீங்கன்னுதாங்க வாங்கி வெச்சோம். வூடு நெறஞ்சி இருக்கணும்னு" என்றார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார். நிமிரவே இல்லை.

நாங்கள் வெளியே வந்தோம். உள்ளே இலை போட்டிருந்தார்கள். ஐந்து இலை, தண்ணீர் தெளித்து. பையன் வேன் வரைக்கும் வந்தான். என்னிடம் மட்டும் சொன்னான்.

"சாப்ட்டு போங்க அத்தை."

நான் வேனில் ஏறிவிட்டேன்.

வழியெல்லாம் அண்ணன் ஒருவர்தான் பேசினார். பெண்ணைக் குழியில் தள்ளப் பார்த்தோமாம். அவர் கண்ணில் பட்டதால் தப்பித்தாளாம். தரகர் அம்மா நாயுடுபேட்டையிலேயே இறங்கிக்கொண்டார். என் கொழுந்தனார், "ஃப்ரிட்ஜுல செக்கிங் போட்டு பொண்ணு தரமாட்டேன்ன மொத ஆளு நீதான் மாமா" என்றார். அதைப் பாராட்டு என்று நினைத்து அண்ணன் சிரித்தார்.

பவித்ரா வாசலில் நின்றிருந்தாள். அண்ணன் அவளிடம் எல்லாவற்றையும் செய்து காட்டினார். கதவு திறந்தது, கீரை இருந்த இடம், கவர் முடிச்சு. அவள் கடைசி வரைக்கும் கேட்டாள்.

"ஃப்ரிட்ஜ பாத்தீங்க. அவர பாத்தீங்களா மாமா?"

அவள் உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு மாமா வந்தால் தண்ணீர் கொடுப்பாள். பேச மாட்டாள்.

கொஞ்ச மாசம் போனது. ஒரு நாள் மத்தியானம் அண்ணன் வந்தார். சுகருக்கு ரத்தம் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார். செருப்பைக் கழற்றினார். உட்கார்ந்தார். முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டார். "தண்ணி குடும்மா" என்றார். அவராகப் போய் எடுக்கவில்லை.

"முருங்கைக்காய் வாங்கி அப்டியே கெடக்குது, பாருணா" என்றேன்.

"இருக்கட்டும்மா."

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் அந்தம்மாவைப் பார்த்தாராம். பையன் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போயிருக்கிறான். வாரத்துக்கு ரெண்டு நாள் சூளூர்பேட்டையிலிருந்து வருகிறார்கள். டயாலிசிஸ். கிட்னி ரெண்டும் போய் வருஷம் ஆகிறது. கையில் ஊசி போடும் இடம் கயிறு மாதிரிப் புடைத்துக்கொண்டிருந்ததாம். அதை மறைக்கத்தான் அந்த ரவிக்கை. அந்தம்மாவுக்குக் கீரை கூடாது, தக்காளி கூடாது, வாழைப்பழம் கூடாது. மற்ற காயையும் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். பையன் கம்பெனி கேன்டீனில் சாப்பிட்டுக்கொள்கிறான். ராத்திரிக்கு ரெண்டு பேருக்கும் பக்கத்து வீட்டம்மா ஏதோ கொடுக்கிறார். அந்த ஃப்ரிட்ஜில் இருந்ததெல்லாம் ஊசி மருந்து. நாங்கள் வருகிறோம் என்று மருந்தை எடுத்துப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, தெருவில் பழக்கமான நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து காய் வாங்கி நிரப்பியிருக்கிறார்கள். காய் இருந்தால் குடும்பம் மாதிரி தெரியும் என்று.

"திட்டினாங்களாணா?"

"திட்டியிருந்தா பரவாயில்லம்மா."

அவரைப் பார்த்ததும் அந்தம்மாதான் முதலில் கூப்பிட்டாராம். "அண்ணா, உக்காருங்க" என்று பெஞ்சில் இடம் விட்டாராம். நாங்கள் வந்துபோன மறுநாளே அவருக்கு மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பையன் மெயினை அணைத்துவிட்டு வந்துவிட்டான். திரும்பிப் போய்த் திறந்தால் எல்லாம் அழுகித் தண்ணீராகக் கிடந்ததாம்.

"'பாவம்ணா, அவங்கல்லாம் கைக்காசு போட்டு வாங்கினது. உங்களுக்குத்தான் தெரியுமே. எப்டி வெச்சிருந்தா நின்னிருக்கும்?'னு கேக்கிறாம்மா. கிண்டல் இல்ல. நெஜமா கேக்கிறா."

"நீ இன்னா சொன்ன?"

அண்ணன் தலையை ஆட்டினார். "வாயே வரல. ஊரெல்லாம் சொன்னேன். அவகிட்ட ஒரு வார்த்த வரல."

பவித்ரா அன்றைக்கு லீவு. உள்ளே இருந்து வந்து கதவோரம் நின்றாள். ரொம்ப நாளைக்கப்புறம் பேசினாள்.

"மொதல்லியே நோவுன்னு சொல்லியிருந்தா நீங்க ஒத்துக்கினு இருப்பீங்களா மாமா?"

அண்ணன் பொய் சொல்கிறவர் இல்லை. "மாட்டேன்" என்றார்.

"நீம்மா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அது தெரிஞ்சிதான் கவர் கவரா வாங்கி வெச்சாங்க" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தன் ஃப்ரிட்ஜைக் காலி செய்தார். பன்னிரண்டு காக்கிப் பையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஆஸ்பத்திரி நர்ஸிடம் போய் அந்தம்மா என்னவெல்லாம் சாப்பிடலாம் என்று கேட்டு வந்திருந்தார். சுரைக்காய், கோஸ், கோவைக்காய், அவரை, புடலை என்று வாங்கி நிரப்பிக்கொண்டார். இதெல்லாம் அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பையன் வாசலிலேயே நிறுத்தினானாம். "சம்பந்தப் பேச்சு எடுக்காதீங்க மாமா. அது முடிஞ்சி போச்சு. எங்கம்மா அன்னிக்கி தலை குனிஞ்சாங்களே, அது எனக்கு மனச விட்டு போவல."

"எடுக்க மாட்டேன்" என்றாராம் அண்ணன்.

உள்ளேயிருந்து அந்தம்மா, "யாருப்பா? உள்ள வரச் சொல்லு" என்றார். போனார். ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தம்மா, "தொறங்கண்ணா" என்று சொன்ன பிறகுதான் கதவில் கை வைத்தார். நடுத்தட்டில் மருந்து. அந்தத் தட்டை அப்படியே விட்டுவிட்டு, மேலேயும் கீழேயும் பைகளை அடுக்கினார். அந்தப் பாக்கெட் வைத்த பையில் ஒரு எலுமிச்சம்பழம் போட்டாராம், பழக்கத்தில். அந்தம்மாவுக்கு அது ஆகுமோ ஆகாதோ என்று யோசித்துத் திரும்ப எடுத்துவிட்டாராம். பையன், "நான் துன்னுவேன், வைங்க" என்றானாம். அதுதான் அவன் அன்று உள்ளே பேசிய ஒரே பேச்சு.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் போனார். புதுக் காய் வாங்கிக்கொண்டு போவார், அங்கேயே இருக்கிற பைகளில் மாற்றி வைத்துவிட்டு வருவார். உட்கார்ந்து பேச மாட்டாராம். சாப்பிடச் சொன்னால், "எனக்கு அந்த வூட்ல துன்ற மூஞ்சி இல்ல" என்று அண்ணியிடம் சொல்வாராம். அங்கே, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிடுவார்.

மற்ற வீடுகளில் அவர் ஃப்ரிட்ஜ் பக்கம் போவதே நின்றுவிட்டது. என் வீட்டில் கூட, "தொறக்கலாமா?" என்று கேட்பார். நான் சரி என்றாலும் சில நாள் திறக்க மாட்டார். ஒரு தடவை ஓனர் அம்மாவே கீழே இறங்கி வந்து, கறிவேப்பிலை கருக்கிறது, உன் அண்ணனை ஒரு தடவை வரச் சொல் என்றார். சொன்னேன். அண்ணன் போகவில்லை. அண்ணி ஒரு நாள் என்னிடம் வந்து அழுதார். "அவரு வூட்டு ஃப்ரிட்ஜையே எங்கிட்ட கேட்டுட்டு தொறக்குறாரும்மா. நான் எத்தினி வாட்டி திட்டியிருப்பேன், தொறக்காதய்யா தொறக்காதய்யான்னு. இப்ப தொறந்து தொலைன்னு சொல்ல வேண்டியிருக்குது."

பவித்ராவுக்கு வேறு வரன் வந்தது. அவள் வேண்டாம் என்றாள். இன்னொன்று வந்தது. அதற்கும் அதே. தாய்மாமன்தான் பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டும். அண்ணனிடம் கேட்டேன். "எந்த வாயால கேக்கச் சொல்ற?" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

போன ஐப்பசியில் அண்ணன் போய்விட்டார். தூக்கத்திலேயே. அண்ணி எழுப்பப் போனபோது உடம்பு ஆறியிருந்தது. அன்றைக்குச் சனிக்கிழமை. மறுநாள் கொண்டுபோக வாங்கிய சுரைக்காய் சமையலறையில் துணியில் சுற்றி இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இலை போட்டுக்கொண்டிருந்தோம். வாசலில் ஒரு பைக் நின்றது. பையன். கொஞ்சம் இளைத்திருந்தான். அண்ணன் படத்துக்கு முன்னால் போய்க் கும்பிட்டான். அப்புறம் என்னிடம் வந்து ஒரு கட்டு கொடுத்தான். காக்கிப் பைகள். துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து, நூல் கட்டி.

"அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க அத்தை. அவரோடது இல்லியா, வெச்சிக்கக் கூடாதுன்னாங்க."

"அம்மா எப்டி இருக்காங்கப்பா?"

"ஆஸ்பத்திரிக்கு போய்க்கினு வந்துக்கினு தான் கீறாங்க."

பவித்ரா தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கி நின்றபடியே குடித்தான். டம்ளரை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

எனக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. "சாப்ட்டு போப்பா" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யார் சொன்ன வார்த்தை என்று நினைவு வந்தது. அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். போய்விடுவான் என்று நினைத்தேன். அவன் போயிருந்தால் சரியாக இருந்திருக்கும். அவன் பந்தியில் உட்கார்ந்தான். இலையில் வைத்த எல்லாவற்றையும் சாப்பிட்டான். என்னால் அங்கே நின்று பரிமாற முடியவில்லை. கரண்டியை அண்ணியிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அவன் கிளம்பிப் போனபின் அண்ணி அந்தக் கட்டைத் தொடவில்லை. "நீ எட்த்துக்கோ. என்னால பாக்க முடியாது" என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பவித்ரா தரையில் உட்கார்ந்து நூலை அவிழ்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்து, நாடாவைத் தடவிப் பார்த்து, மறுபடி மடித்து வைத்தாள். கடைசிப் பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பாக்கெட் வெச்சது இதுல இல்லம்மா."

மாமா தைத்தது பன்னிரண்டு என்று அவளுக்கும் தெரியும்.

"இன்னொரு வாட்டி எண்ணு" என்றாள்.

எண்ணினேன். பதினொன்று.